ஊர்த் தீட்டை எங்கிருந்து உடைப்பது: நாப்கினா, பள்ளி வகுப்பா, முட்டு வீடா, வீட்டுப் பேச்சா?

"அக்கா, குழுக் கணக்குல கொஞ்சம் பணம் இருக்கு. மாதவிடாய் விஷயமா ஊருக்கு ஏதாச்சும் செய்யணும்னு முடிவு பண்ணிட்டோம். நாப்கின் மெஷின் போடலாமா, பள்ளிக்கூடத்துல கூட்டம் வைக்கலாமா, எதுல ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல." மகளிர் குழுக்களிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ஊராட்சித் தலைவிகள் கேட்கிறார்கள். விடுமுறைக்கு ஊர் திரும்பும் கல்லூரிப் பெண்களும் கேட்கிறார்கள். நாலு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவெடுக்க வசதியாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஓர் உண்மை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 24 வயதுப் பெண்களில் மாதவிடாய்க்குச் சுகாதாரமான பொருள் பயன்படுத்துகிறவர்கள் இந்திய கிராமங்களில் ஏறத்தாழ 72 விழுக்காடு. தமிழ்நாட்டில் அது 98 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. நாப்கின் வந்தால் தீட்டு போய்விடும் என்றால் நம் ஊர்களிலிருந்து அது எப்போதோ போயிருக்க வேண்டும். ஆனால் மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி பக்கம் கூவலப்புரத்திலும் சுற்றியுள்ள சில ஊர்களிலும் மாதவிடாய்ப் பெண்கள் ஊருக்கு ஒதுக்குப்புறமான முட்டு வீட்டில்தான் தங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இந்தக் காலத்திலும் இருந்து வந்திருக்கிறது. கோவை மாவட்டத்தில் 2025 ஏப்ரலில், பூப்பெய்திய எட்டாம் வகுப்பு மாணவியை வகுப்பறைக்கு வெளியே படியில் உட்காரவைத்து முழுப்பரீட்சை எழுதவைத்தார்கள். வெளியே உட்காரவைத்தவர்கள் படித்தவர்கள்.

## எதை வைத்து எடை போடுவது

நான் நாலு கேள்வி கேட்பேன். அந்த வழி உதிரத்தைச் சமாளிக்க மட்டும் உதவுகிறதா, பயத்தையும் கூச்சத்தையும் குறைக்கிறதா? இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். இரண்டாவது, வழக்கத்தை மீறும்போது வரும் ஏச்சும் பேச்சும் யார் தலையில் விழும்? பதிமூன்று வயதுப் பிள்ளையின் தலையிலா, தாங்கக்கூடிய பெரியவர் தலையிலா? மூன்றாவது, பணமும் ஆர்வமும் தீர்ந்த பிறகும் அது நிற்குமா? நாலாவதை யாரும் கேட்பதில்லை: பழைய ஏற்பாட்டில் அந்தப் பெண்ணுக்கு இருந்த ஏதாவது ஒன்றை நாம் பறிக்கிறோமா?

## நாப்கின், துணி, கப்

எல்லாரும் முதலில் கை வைப்பது இதில்தான். பாக்கெட் பாக்கெட்டாகக் கொடுக்கலாம், எண்ணலாம், படம் எடுக்கலாம்.

தமிழக அரசின் புதுயுகம் திட்டம் 2011-12 முதல் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தருகிறது. திட்டக் கணக்குப்படி ஆண்டுக்கு 18 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 என்று மொத்தம் 108. மாதத்துக்கு 9 வருகிறது. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றால் இரவுத் தூக்கத்தைக் கழித்துவிட்டாலும் ஐந்து நாளுக்கு 15, 20 ஆகிவிடும். பாதி பற்றாக்குறை. அந்தப் பாதியைத்தான் ஒரே நாப்கினை நாள் முழுக்க வைத்துக்கொண்டும், இரவில் பழைய துணியைக் கட்டிக்கொண்டும் ஓட்டுகிறார்கள். மக்கள் மருந்தகங்களில் 2019 ஆகஸ்டிலிருந்து ஒரு நாப்கின் 1 ரூபாய். ஒரு பிள்ளைக்கு மாதம் பத்து ரூபாய் போட்டால் பள்ளம் நிரம்பிவிடும். ஐம்பது பிள்ளைகளுக்கு மாதம் 500 ரூபாய். குழுப் பணத்தை நாப்கினில் போடுவதானால் இதில் போடுங்கள்.

மெஷின் வேறு கதை. கோவை அருணாச்சலம் முருகானந்தம் குறைந்த விலை இயந்திரத்தைக் கொண்டுவந்தபோது, பெண்களே செய்து பெண்களுக்கே விற்கும் வழி திறந்தது. அது பெரிய காரியம். ஆனால் இன்று அந்த யூனிட் ஒரு ரூபாய் நாப்கினோடும், பெட்டிக்கடை வரை வந்துவிட்ட பெரிய கம்பெனிகளோடும் போட்டி போட வேண்டும். பஞ்சுக்கூழ் வாங்க வேண்டும், கரண்ட் வேண்டும், வாராவாரம் விற்க ஆள் வேண்டும். லாபக் கணக்குப் போட்டு, தொழிலாக நினைத்து இறங்குங்கள். தீட்டை உடைக்கும் என்று நினைத்துக் கடன் வாங்காதீர்கள். அதில் ஒரு நன்மை உண்டு: வீடு வீடாக விற்கப் போகும் பெண் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுகிறாள். அந்தப் பேச்சை மெஷின் இல்லாமலும் பேசலாம்.

எந்தப் பொருள் என்ற கேள்வியை நான் கொஞ்சம் வேறு மாதிரி பார்ப்பேன். ஒவ்வொரு பொருளும் ஒரு பெண்ணை எதை ஒளிக்கச் சொல்கிறது?

| பொருள் | ஒளிக்க வேண்டியது | கட்டாயம் வேண்டிய வசதி | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| பழைய துணி | காயப்போடுவது | தண்ணீர், சோப்பு, நல்ல வெயில் | வீட்டிலேயே இருப்பவர்கள், கொல்லையில் வெயில் உள்ளவர்கள் |
| நாப்கின் | வாங்குவது, போடுவது | குப்பை எடுக்க ஆள், மூடியுள்ள தொட்டி | பள்ளிக்கும் நூறு நாள் வேலைக்கும் மில்லுக்கும் போகிறவர்கள் |
| தைத்த துணிப் பேடு | துவைப்பது, காயப்போடுவது | தண்ணீர், வெயில், முதல் செலவு | குப்பை வண்டி வராத ஊர்கள் |
| கப் (உடம்புக்குள் வைத்து உதிரத்தைப் பிடிக்கும் சின்னக் கிண்ணம்) | ஒளிக்க ஒன்றுமில்லை; தன் உடம்பைத் தொடும் தயக்கம் தீர வேண்டும் | கொதிக்கவைக்க அடுப்பும் தனிப் பாத்திரமும், பழக்கிவிட ஆள் | பிள்ளை பெற்ற பெண்கள், வெளிவேலைக்குப் போகிறவர்கள் |

துணி மோசம் என்று ஒரு பேச்சு பரவிவிட்டது. துணியில் குற்றமில்லை, அது காயும் இடத்தில்தான் குற்றம். கொடியில் உள்பாவாடையை விரித்து, அதற்கு அடியில் துணியை மறைத்துப் போடுகிறார்கள். அது வெயிலைப் பார்ப்பதே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் ஈரத்தோடே மறுபடி கட்டிக்கொள்கிறார்கள். அரிப்பும் புண்ணும் அங்கிருந்து வருகின்றன. ஆரோவில்லின் ஈகோ ஃபெம் போன்றவர்கள் தைத்துத் தரும் துணிப் பேடுகள் வருடக்கணக்கில் உழைக்கும், குப்பையும் இல்லை. கொடியில் வெளிப்படையாகக் காயப்போட முடியாத வீட்டில் அதற்கும் அந்தப் பழைய துணியின் கதிதான்.

நாப்கினின் மறைந்த செலவு குப்பை. கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கருப்புப் பையில் போட்டுத் தருகிறார். பயன்படுத்திய பிறகு அதே கருப்புப் பை இருட்டியதும் வாய்க்காலுக்கோ கண்மாய்க் கரைக்கோ போகிறது. ஊரின் தூய்மைக் காவலர்கள்தான் பிறகு வெறுங்கையால் அதைப் பிரிக்கிறார்கள். அவர்களும் பெரும்பாலும் பெண்கள். பள்ளியில் வைக்கும் சின்ன எரிப்பான் தீர்வு என்கிறார்கள். நாப்கின் முழுதாக எரிய 800 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அந்த அளவு சூடேறாத பெட்டி புகையைத்தான் கக்கும்.

கப் பத்தாண்டு வரை உழைக்கும், விலையோ அத்தனை காலத்து நாப்கின் செலவைவிடக் குறைவாகவே முடியும். கேரளத்தில் கும்பளங்கி ஊராட்சியில் ஆயிரக்கணக்கான கப்புகளைக் கொடுத்து, பயிற்சியும் கொடுத்து, 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத ஊராக அறிவித்தார்கள். அங்கே பயிற்சிதான் வேலை செய்தது. பயிற்சி இல்லாமல் கப்பை மட்டும் கையில் கொடுத்தால் அலமாரியில் தூங்கும். கல்யாணமாகாத பெண்ணுக்குக் கொடுத்தால் "கன்னித்தன்மை போயிடும்" என்று அம்மாவே பிடுங்கி வைப்பார்.

## பள்ளியில் வகுப்பு

செலவு குறைவு, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வழக்கமாக நடப்பது இதுதான்: கிராம சுகாதாரச் செவிலியரை அழைக்கிறார்கள், பெண் பிள்ளைகளை ஒரு அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்துகிறார்கள், பையன்களை மைதானத்துக்கு விரட்டுகிறார்கள். அன்றைக்குப் பையன்கள் ஒரு பாடம் கற்கிறார்கள்: இது காதில் விழக்கூடாத விஷயம். அடுத்த நாளிலிருந்து கிண்டல் கூடுகிறது.

பாடம் கேட்ட பிள்ளை வீட்டுக்குப் போய் "இது தீட்டில்லைன்னு நர்ஸம்மா சொன்னாங்க" என்கிறாள். "நாலெழுத்து படிச்சுட்டு எனக்கே பாடம் எடுக்கிறியா" என்று அப்பத்தா அடக்கிவிடுகிறார். வீட்டில் யாருக்கு அதிகாரம் மிகக் குறைவோ அவள் கையில் வழக்கத்தை மாற்றும் பொறுப்பைக் கொடுத்து அனுப்புகிறோம். என் இரண்டாவது கேள்வியில் இந்த வழி தோற்கிறது.

ஆனாலும் ஓரிடத்தில் இதற்கு நிகரில்லை: ஐந்தாம், ஆறாம் வகுப்பில். முதல் உதிரத்தைப் பார்க்கும் வரை யாரும் எதுவும் சொல்லாததால், எங்கோ அடிபட்டுவிட்டது, ஏதோ நோய் வந்துவிட்டது என்று நடுங்கும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பயத்தை அரை மணி நேரப் பேச்சு தடுத்துவிடும். எட்டாம் வகுப்பில் சொல்வது பலருக்குத் தாமதம்.

வகுப்பு வைப்பதானால் பையன்களுக்கும் அன்றே வையுங்கள், ஆண் ஆசிரியர் ஒருவர் பேசட்டும். அதற்கு முன்னால் கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள். உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, மூடியுள்ள வாளி இருக்கிறதா? தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை உள்ள பள்ளியில் சுகாதார வகுப்பு எடுப்பதில் அர்த்தமில்லை.

## முட்டு வீடு: இடிப்பதா, செப்பனிடுவதா

இதுதான் கடினமான முடிவு. ஊரில் இப்படி ஒரு கட்டடம் இருந்தால் பார்த்ததும் இடிக்கத்தான் கை துறுதுறுக்கும்.

கூவலப்புரத்தில் வேப்பமரக் கிளைகளில் மூட்டைகள் தொங்கும். உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு கொண்டுவரும் பாத்திரங்கள் அவை. வீட்டுப் பாத்திரத்தோடு கலக்கக்கூடாது என்பதால் மரத்தில் தொங்கவிடுகிறார்கள். மூட்டையைப் பார்த்தாலே எந்த வீட்டுப் பெண்ணுக்கு இந்த மாதம் வந்துவிட்டது, யாருக்கு வரவில்லை என்று ஊருக்கே தெரியும். நாப்கினை மறைக்கச் சொல்லும் ஊரே இதை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது.

இடிப்பதற்கு நேபாளத்தில் பாடம் இருக்கிறது. மேற்கு நேபாளத்தில் சௌபடி என்ற வழக்கத்தின்படி மாதவிடாய்ப் பெண்கள் குடிசையிலோ மாட்டுத் தொழுவத்திலோ தூங்க வேண்டும். 2005-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017-ல் கொண்டுவந்த சட்டம், இதைக் கட்டாயப்படுத்துகிறவருக்கு மூன்று மாதச் சிறை அல்லது 3,000 நேபாள ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்றது. புகையில் மூச்சுத்திணறியும் பாம்பு கடித்தும் பெண்கள் செத்தது நிற்கவில்லை. 2019 கடைசியில் ஒரு சாவுக்குப் பிறகு ஆயிரக்கணக்கான குடிசைகளை இடித்தார்கள். பல இடங்களில் அவை மறுபடி எழும்பின. சில இடங்களில் பெண்கள் இன்னும் மோசமான இடத்துக்குப் போனார்கள். சாமி கோபித்துக்கொள்ளும் என்ற பயத்தைப் புல்டோசர் தொடவில்லை.

செப்பனிடும் வழியை மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் பார்க்கலாம். அங்கே மாடியா பழங்குடி ஊர்களில் இடிந்து கிடந்த ஒதுக்குக் குடிசைகளுக்குப் பதில் கட்டில், கழிப்பறை, தண்ணீர், சூரிய விளக்கோடு நல்ல கட்டடங்கள் கட்டிக் கொடுத்தார்கள். பெண்கள் பாதுகாப்பாகத் தூங்குகிறார்கள். ஆனால் கான்கிரீட் போட்ட வழக்கத்துக்கு ஆயுள் கெட்டி என்ற எதிர்ப்பும் எழுந்தது. கர்நாடகத்தில் காடுகொல்லர் குடியிருப்புகளில் அரசே கிருஷ்ண குடீரம் என்ற பெயரில் கட்டடங்கள் எழுப்பியது. வழக்கம் நின்றுவிடவில்லை. 2023-ல் துமகூரு மாவட்டத்தில், தீட்டென்று பிரசவித்த தாயையும் சிசுவையும் ஊருக்கு வெளியே குடிசையில் வைத்ததில் மழையிலும் குளிரிலும் அந்தச் சிசு இறந்தது.

இரண்டுமே வேண்டாம் என்று ஒதுங்க முடியாது. நம் ஊரிலேயே நடந்தது நினைவிருக்கும். 2018 நவம்பரில் கஜா புயலன்று பட்டுக்கோட்டைப் பக்கம், பூப்பெய்தியதால் தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்த சிறுமி தென்னை மரம் விழுந்து இறந்தாள். இன்று இரவு அந்தக் குடிசையில் ஒரு பெண் தூங்குகிறாள் என்றால், அவள் தலைக்கு மேல் ஓடு பெயர்ந்திருக்கக் கூடாது. கதவும் கழிப்பறையும் விளக்கும் முதல் வேலை. அதை வழக்கத்துக்கு ஒத்துப்போவதாக நான் நினைக்கவில்லை.

ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. பழுதுபார்க்கும் பணத்தோடு மூன்று நிபந்தனை வையுங்கள். கட்டடத்தின் சாவி பெண்கள் குழுவிடம் இருக்க வேண்டும். வர விருப்பமில்லாதவரை யாரும் அனுப்பக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளும் பிள்ளை பெற்றவர்களும் காய்ச்சல்காரர்களும் அங்கே தங்கக் கூடாது. இந்தப் பட்டியல் வருடா வருடம் நீள வேண்டும். வருகிறவர்கள் குறைந்தபின் அந்தக் கட்டடத்தைக் குழுக் கூட்டத்துக்கோ தையல் பயிற்சிக்கோ மாற்றிக்கொள்ளலாம்.

நாலாவது கேள்வி இங்கேதான் வருகிறது. முட்டு வீட்டுப் பெண்களில் சிலர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்: "இந்த மூணு நாளுதான் அடுப்புப் பக்கம் போகாம கால நீட்டிப் படுக்கிறேன்." விறகும் தண்ணீரும் களையெடுப்பும் சமையலும் அவள் முதுகில்தான். அந்த ஓய்வும் ஒத்த பெண்களோடு பேசிச் சிரிக்கும் இரவும் பறிபோகும் என்றால் இடிக்கும் திட்டத்தை அவளே எதிர்ப்பாள், அது நியாயம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ஓய்வு அவளுக்கு ஆடம்பரம் அல்ல. வீட்டில் அந்த மூன்று நாள் புருஷனோ மகனோ உலை வைப்பானா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகே கட்டடத்தை இடிப்பதைப் பற்றிப் பேசுங்கள்.

## வீட்டுக்குள் நடக்கும் பேச்சு

நாலாவது வழிக்கு மெஷினும் கட்டடமும் வேண்டாம். குழுக் கூட்டத்தில், தவணைக் கணக்கு முடிந்த பிறகு, வீட்டு விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவது, அவ்வளவுதான். என்னைப் பணம் கட்டச் சொன்னால் இதன் மேல்தான் கட்டுவேன்.

எந்த விதியை முதலில் தொடுவது என்பதில் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது. ஆர்வமுள்ள இளம் பெண்கள் நேராகச் சாமி அறைக்கும் கோயில் வாசலுக்கும் போய்விடுகிறார்கள். ஊர் ஒன்று சேர்ந்து எதிர்க்கும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். உடம்பைப் பாதிக்கும் விதிகளில் தொடங்குங்கள்: மூன்றாம் நாள் வரை குளிக்காமல் இருப்பது, பாயில்லாமல் வெறுந்தரையில் படுப்பது, பசிக்கும்போது தானே போட்டுச் சாப்பிட முடியாமல் யாராவது கொண்டுவந்து வைக்கும் வரை காத்திருப்பது. இவற்றை மாற்றுவதில் எந்தச் சாமியும் குறுக்கே வராது என்று மாமியார்களே சொல்லிவிடுவார்கள். தனித் தட்டு, அடுப்படி, தண்ணீர்க் குடம் அடுத்த கட்டம். கோயில் கடைசி, அவரவர் விருப்பம்.

பெரியவர்களிடம் பாடம் எடுக்காமல் கேள்வி கேட்க வேண்டும். "உங்களுக்கு மொத மொத வந்தப்ப எங்க உக்கார வெச்சாங்க? மழை பெஞ்சப்ப என்ன பண்ணுனீங்க?" மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்குப் பயந்து துணியால் உடம்பை மூடிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்ததை ஒரு பாட்டி சொல்ல ஆரம்பித்தால், கூட்டத்தில் வேறு யாரும் பேச வேண்டிய அவசியமே இருக்காது. பேத்திக்கு அது வேண்டாம் என்று அவரே முடிப்பார். அவர் சொன்னால் வீட்டில் செல்லும்.

இந்த வழிக்கும் மறைந்த செலவு உண்டு, அது கடுமையானது. முதலில் விதியை மீறும் வீட்டில் மாடு செத்தாலும் மாமனாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பழி அந்த மருமகள் மேல்தான் விழும். அந்த வருடம் மழை பொய்த்தால் கேட்கவே வேண்டாம். அதனால் ஒருத்தியைத் தனியாக நிறுத்தாதீர்கள். ஐந்தாறு வீடு சேர்ந்து ஒரே மாதத்தில் ஒரே விதியை விடட்டும். பழி பங்கானால் கனமிருக்காது. குழு என்று ஒன்று இருப்பதன் பலம் இதுதான்.

இந்த வழி மெதுவாக நடக்கும். படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது, நன்கொடையாளர்களுக்குக் காட்ட எண்ணிக்கை இருக்காது. ஒரு விதி தளரவே பல மாதம் ஆகும்.

பூப்பு நன்னீராட்டு விழா இந்தப் பேச்சுக்கு நல்ல வாய்ப்பு. தாய்மாமன் சீர், பந்தி, புடவை, ஃபிளெக்ஸ் எல்லாம் இருக்கட்டும். மகிழ்ச்சியான வீட்டில் சண்டை வேண்டாம். குச்சு கட்டிப் பிள்ளையை வெளியே உட்காரவைப்பதை மட்டும் வீட்டுக்குள் ஓர் அறையாக மாற்றுங்கள் என்று தாய்மாமனிடம் கேட்டால், பல ஊர்களில் ஒத்துக்கொள்வார்கள். பரீட்சை நேரமென்றால் பள்ளிக்கு அனுப்பவும் அவரையே பேசவையுங்கள்.

## உங்கள் ஊருக்கு எது முதலில்

முட்டு வீடோ ஒதுக்குக் குடிசையோ இருந்தால், மழைக்காலத்துக்கு முன் கூரையும் கழிப்பறையும். அதோடு சேர்த்து அந்த மூன்று நிபந்தனைகள்.

அப்படி ஒன்று இல்லாமல், திண்ணையிலும் கொல்லையிலும் தீட்டுக் காக்கும் ஊர்களில் குழுப் பேச்சு முதலில். நம் ஊர்களில் பெரும்பாலானவை இந்த வகை. கூடவே 1 ரூபாய் நாப்கினால் பற்றாக்குறையை நிரப்பலாம்.

குப்பை வண்டி வராத, தண்ணீரும் வெயிலும் உள்ள ஊரென்றால் துணிப் பேடுக்குப் போங்கள். முதலில் கொடியில் வெளிப்படையாகக் காயப்போட நாலு வீடு துணிய வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் மாதந்தோறும் விடுப்பெடுக்கும் ஊரென்றால் பள்ளிக் கழிப்பறைத் தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் முன்னால்.

கழிப்பறைக்கும் கூரைக்கும் குப்பை வண்டிக்கும் குழுப் பணம் காணாது. ஊராட்சிதான் செய்ய வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குழுவாகப் போய் உட்காருங்கள், மனுவை எழுத்தில் கொடுங்கள். "பெண்கள் பிரச்சினை" என்று பொதுவாக எழுத வருவார்கள். "மாதவிடாய்க் காலப் பயன்பாட்டுக்கான கழிப்பறை" என்றே தீர்மான நோட்டில் எழுதவைத்து, எழுதியதை அங்கேயே வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்க அந்த வரி வேண்டும்.